கோளியின் பூ

தென்முகக் கடவுள் கல்லாலின் நிழலில் எழுந்தருளிச் சனகாதி முனிவர் நால்வர்க்கும் வாய் திறவாது மெய்ப்பொருளை உணர்த்தியருளிய வரலாற்றை நீவிர் பலகாற் கேட்டிருப்பீர். இன்று யாம் பேசப் புகுந்தது அம்மரத்தின் இனத்தைப் பற்றி எம்மிடத்து நெடுநாள் இருந்ததொரு பிழையை.

ஆல், அரசு, அத்தி முதலியவற்றைக் கோளி என்று நிகண்டுடையார் வழங்குவர். பூவாது காய்க்கும் மரம் என்பது அதன் பொருள். வடநூலார் வனஸ்பதி என்பதும் இதனையே. ஆசிரியர்பாற் பாடங்கேட்ட நாளில் இதனை நெட்டுருச் செய்தோம். பின்னர் முப்பதாண்டிற்கு மேலாக மாணாக்கர்க்கும் அவ்வாறே ஓதுவித்தோம். அதே வகுப்பில், இல்லாததினின்று ஒன்று தோன்றாது என்னும் சற்காரிய வாதத்தையும் விரித்துரைத்தோம். ஒன்று மற்றொன்றொடு முரணுகின்றதென்பது எமக்குத் தோன்றிற்றில்லை.

சென்ற வைகாசியில், தாம்பரத்திலே தாவரநூல் பயிலும் எம் பெயர்த்தி, சேலையூர் ஏரிப்பக்கத்து ஆலின் தாழ்கிளையினின்று பசுங்காய் சிலவற்றைப் பறித்து வந்து, “இதற்குள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள், தாத்தா” என்றாள். அரிவாள்மணையில் ஒன்றைப் பிளந்து பூதக்கண்ணாடியையும் கையிற் கொடுத்தாள். காயின் உட்சுவர் முழுதும் மணல் ஒட்டினாற்போற் காணப்பட்டவை யாவும் பூக்கள், எண்ணத் தொலையாதன. யாம் சிறிது நேரம் ஒன்றும் பேசிலேம்.

ஏனை மலர்களின் இயல்பு யாவரும் அறிந்ததே. ஆண்தூளாகிய மகரந்தம் சூல்முடியைச் சேர்ந்து உள்ளிறங்கிச் சூலொடு கலத்தலாற் சூல் வித்தாகின்றது, சூலகம் கனியாகின்றது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பனையில் மரமே வேறு. மகரந்தத்தைக் கொண்டுசெல்வன காற்றும் வண்டும் பிறவுமாம். ஆலோ தன் பூக்களை யெல்லாம் ஒரு கூட்டினுள் அடைத்து, நுனியில் ஊசித்துளை யளவாக ஒரு வாயில் மட்டும் வைத்துள்ளது. நாம் பழம் என்பது பூங்கொத்தின் கூடே. அதனுட் கிடக்கும் மணல் போன்ற ஒவ்வொன்றுமே மெய்யான கனி.

அவ்வாயிலிற் புகுவது எள்ளினுஞ் சிறியதொரு பெண்குளவி. வழி நெருக்கத்திற் சிறகு முறியும், மீளுதல் இல்லை. பிறந்த கூட்டினின்று சுமந்து வந்த தூளை உள்ளிருக்கும் பெண்பூக்களில் இட்டு, சில பூக்களில் முட்டையும் இட்டு, அங்கேயே மடியும். முட்டை பெற்ற பூ குளவிக்குத் தொட்டிலாகும். பெறாத பூ வித்தாகும். சிலவாரங் கழித்துச் சிறகில்லாத ஆண்குளவிகள் முதலில் வெளிப்பட்டுப் பெண்களைக் கூடி, சுவரைத் துளைத்து வழிசெய்து இறக்கும். அப்பொழுதே ஆண்பூக்களும் முதிர்ந்திருக்குமாதலின், பெண்குளவிகள் அத்தூளைச் சுமந்து வெளியேறி வேறோர் ஆலை நாடும். அவற்றின் வாழ்நாள் ஓரிரு நாளே. ஆலின் குளவி அரசிற்குச் செல்லாது. அரசின் குளவி ஆலிற்கு வாராது. இவ்வினத்து மரங்கள் உலகில் 700-க்கு மேற்பட்டவை. பெரும்பாலும் இனத்துக்கு இனம் குளவியும் வேறு.

நால்வகைத் தோற்றத்துள், அத்தியினுட் காணும் பூச்சியைப் புழுக்கத்திற் பிறப்பது எனக் கூறுவாரும் உளர். அதுவும் முட்டையிற் பிறப்பதே. ஒரு பூட்டிய அறையில் வித்திற் பிறப்பதும் முட்டையிற் பிறப்பதும் பக்கத்திற் பக்கமாக வளர்கின்றன.

அற்றேல், முன்னோர் பொய்யுரைத்தனரோ எனின், அன்று. புறத்தே பூ விளங்காமை பற்றி அவர் பெயரிட்டனர். அதனைப் பூவின் இன்மையாகக் கொண்டது எம் குற்றம். காட்சி யொன்றே அளவை என்னும் உலகாயதனை மறுத்து, புகை கண்டவிடத்து நெருப்புண்டெனக் கருதலளவையை நிலைநாட்டும் யாமே, கனி கண்டவிடத்துப் பூவுண்டெனத் துணியாது, ஆலின் திறத்தில் உலகாயதராயினோம்! எம் கண்ணின் குறையை மரத்தின்மேல் ஏற்றினோம்.

துணைக்காரணத்தின் வலியையும் இங்கே காணலாம். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஸ்மிர்னா அத்தியைக் கொணர்ந்து நட்டனர். மண்ணும் நீரும் வெயிலும் குறைவின்றி இருந்தும் காய்கள் பழுக்காமலே உதிர்ந்தன. 1899-ஆம் ஆண்டிற் குளவியையுங் கொணர்ந்து நிலைபெறச் செய்த பின்னரே பழங் கிடைத்தது. நம் அடையாற்றுப் பிரமஞான சபையின் பேராலும் அத்தகையதே. 1989-ஆம் ஆண்டில் அதன் அடிமரம் காற்றிற் சாய்ந்தது. விழுதுகளால் இன்றும் மரம் வாழ்கின்றது. தான் வாழ்வதற்கு விழுது போதும். மகவு பெறுதற்கு அச்சிறு குளவியே வேண்டும்.

கொல்லாமை மேற்கொண்டார் அத்திப்பழம் உண்ணலாமோ என்று அன்பர் ஒருவர் வினவினார். பிட்டுப் பார்த்தாற் புழுவென்னும் உலகவழக்கு நம் நாட்டு அத்திக்கு முற்றும் பொருந்தும். உண்பார்க்காக எவரும் அவற்றைக் கொன்றிலர். தம் வாழ்வு முடிந்து மடிந்தன மடிந்தன. எனினும் உயிருள்ளனவும் உள்ளே இருத்தல் கூடும். யாம் அன்று முதல் உண்டிலேம். பிறரை விலக்கவும் துணிந்திலேம்.

பழுத்த பின்னர்ப் பறவையும் வௌவாலும் உண்டு வித்தைத் தூவுகின்றன. வண்டலூர்ப் பக்கத்திற் பனையை ஆல் தழுவி நிற்பதும், கோபுரத்து இடுக்கில் ஆலங்கன்று முளைத்துத் திருப்பணியாளர்க்குத் தொல்லை தருவதும் இதனால் ஆயின. கன்றைச் சிறிதாயிருக்கும்போதே களைந்துவிடுக. வேரோடினாற் கல் பிளக்கும்.

சென்ற திங்களில் மீண்டும் கோளி என்னுஞ் சொல் பாடத்தில் வந்தது. மாணாக்கர் ஒருவர், “பூவாது காய்க்கும் மரம்” என்று எம் பழைய உரையையே ஒப்பித்தார். யாம் மறுத்திலேம். முன்பே எடுத்து வைத்திருந்த ஆலங்காயையும் கத்தியையும் அவர் முன் நகர்த்தினோம்.