யாரும் புதைத்து வைக்காத புதையல்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை வைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வேன். பேத்திக்குத் துணையாக நானும் ஏறிக்கொண்டேன். ஏதோ பூங்காவுக்குப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். வேன் போய் நின்றது செராஸ் சாலைக் கிறிஸ்தவ இடுகாட்டில். காலங்காத்தால சுடுகாட்டுக்கா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அங்கே ஒரு பகுதியில் ராணுவக் கல்லறைகள். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நீடித்த அவசரகாலத்தில் இறந்த படைவீரர்கள் பலர் அங்கே கிடக்கிறார்கள். ஒரே உயரத்தில் வரிசை பிசகாத கற்கள். பெயர், படை எண், படைச் சின்னம், இறந்த நாள், வயது எல்லாம் உண்டு. அடியில் சிலவற்றில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி. பிள்ளைகள் கையிலிருந்த தாளில் குறிப்புகள்: சின்னத்தில் விலங்கு உள்ள கல்லைக் கண்டுபிடி, எல்லாரிலும் இளையவர் யார், எந்தக் கல்லில் அம்மா என்ற சொல் வருகிறது. பேத்தி ஓடி ஓடித் தேடினாள். "தாத்தா, பத்தொன்பது வயசு!" என்று கத்தினாள், பரிசு கிடைத்த குரலில். நம் அண்ணன் வயசுதானே என்று அடுத்த நொடியே அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்புறம் கத்தவில்லை.

திரும்பி வரும்போது வேனில் கேட்டாள்: "நம்ம வீட்டுல யாராச்சும் சண்டையில செத்தாங்களா? அவங்களுக்கு ஒரு வேட்டை வைக்கலாமா?"

என் பாட்டியின் தம்பி சயாமுக்குப் போனவர். கிள்ளானை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். 1943-இல் ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று வேலையாட்களைக் கண்காணித்த தண்டல் சொன்னதை நம்பிப் போனாராம். மற்ற இடங்களில் அந்தப் பேச்சும் எடுபடாதபோது, இலவசப் படம் என்று கூட்டி உட்காரவைத்துக் கதவைச் சாத்தி அள்ளிப்போன கதைகளும் உண்டு. சயாம் என்ற தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவதுதான் அந்த வேலை. 1943 அக்டோபரில் தண்டவாளம் இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துவிட்டது. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கு மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் பட்டினியும் எத்தனை பேரைத் தின்றன என்பதில் இன்றும் கணக்குகள் ஒத்துப்போவதில்லை.

நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். அவர்களுக்குக் கணக்கு இருந்தது. பட்டாளத்தில் பெயர்ப்பட்டியல் இருந்தது. முகாமில் எவரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்து யாரை எங்கே புதைத்தோம் என்று குறித்து வைத்தார். போர் முடிந்ததும் தேடி எடுத்துத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் கல் வைக்க முடிந்தது. அது பெருமைப்பட வேண்டிய வேலை, குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் புதையல் வேட்டை என்றால் யாராவது முன்கூட்டியே புதைத்து, இடத்தையும் குறித்து வைத்திருக்க வேண்டும். நம் ஆளுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் முதல் வரியே நகரவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. ஆட்கள் குடியிருந்த லயம் இல்லை. ஆள்பெயர் எழுதிய செக்ரோல் புத்தகம் எந்தக் கரையானுக்குப் போனதோ.

கல் எதற்கு என்று நானே பல காலம் பேசியிருக்கிறேன். நாம் எரிப்பவர்கள். என் அப்பாவின் சாம்பலைக் கிள்ளான் துறைமுகத்தில் கடலில் கரைத்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நானே கை திறந்து விட்டது. படகு அசைந்தது, ஐயர் சொன்னார், விட்டேன். சயாமுக்குப் போனவரை யாரும் விடவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசியது என் சோம்பேறித்தனம்.

அவர் மனைவி, எங்கள் சின்னப் பாட்டி, பொட்டைக் கடைசிவரை அழிக்கவில்லை. செத்த சேதி வந்தால்தானே அழிக்க. தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைப்பாராம். வேட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. திதி தெரியாது என்பதால் மகாளய அமாவாசைக்குப் படைக்கச் சொன்னார் கோயில் குருக்கள். அதற்கும் சின்னப் பாட்டி ஒப்பவில்லை. படைத்தால் செத்தார் என்று நாமே சொன்னதாகிவிடும் என்றாராம். ஒரு தேதி இல்லாமல் ஒரு பெண் நாற்பது ஆண்டு சுமங்கலியாக இருந்தார். கல்லில் இறந்த நாள் எதற்கு என்று கேட்டால், எனக்கு அவர் நெற்றிதான் கண்ணில் வருகிறது.

கல் நமக்கு அந்நியமும் இல்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு துறை சொல்கிறது. முதல் துறை காட்சி: தக்க கல்லைத் தேடிக் காண்பது. நடுவதும் வாழ்த்துவதும் அப்புறம்தான். சில ஆண்டுகளுக்கு முன் மலேசியத் தமிழர்கள் காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் அந்த ரயில்பாதைத் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். 80 ஆண்டு தாமதம். எல்லாருக்கும் சேர்த்து ஒரு கல். ஒற்றை ஆளுக்கு உரிய கல் இனி எங்கே கிடைக்கும்?

பேத்தி விடவில்லை. செராஸில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தாள்: பெயர், வயது, ஊர், வீட்டார் எழுதும் ஒரு வரி. பெயரிலேயே நின்றுவிட்டோம். தோட்டத்தில் அவரை எல்லாரும் குட்டையன் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிள்ளானில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அவருக்கு எண்பத்தாறு.

"அத்தே, நம்ம குட்டையன் தாத்தாவோட உண்மைப் பேரு என்ன?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப எதுக்குடா கேக்கற?"

"சின்னது எழுதணுங்குது."

"போன்ல சொல்ற பேராடா அது? அவளக் கூட்டிக்கிட்டு வா. மீன் வாங்கி வைக்கிறேன்."