இருபது நிமிட யாத்திரை

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் சுமார் 20 நிமிடம்தான். மலைப்பாதையில் ஜீப்பில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அந்த வழியாக முக்திநாத் போகிற நம் வைணவர்களிடம் எப்போதும் ஒரு கேள்வி உண்டு: உடம்பு நோகாமல் போனால் பலன் குறையுமா?

என் அத்தைக்கு முழங்கால் தேய்மானம். விமானம் இல்லையென்றால், திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமமான முக்திநாத்தை அவர் சேவித்தே இருக்க முடியாது. விமானத்தின் ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தவளகிரி. அத்தையோ கண்ணை மூடி நாமம் சொல்லிக்கொண்டே வந்தார்.

காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் உச்சிப்பொழுது நெருங்கினால் காற்று சீறும். அதனால் விமானங்கள் காலையில்தான். மேகம் இறங்கினால் அதுவும் ரத்து. விடியலிலிருந்து பையை மடியில் வைத்துக் காத்திருந்தபோது, எங்கள் கையில் எதுவுமே இல்லை என்பது நன்றாக உறைத்தது. சரணாகதி அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பேன். வருத்திக்கொண்டால்தான் பெருமாள் இரங்குவார் என்றால் ராமானுஜர் காட்டிய பிரபத்திக்கு இடமேது?

நடந்து வருகிறவர்களின் வைராக்கியத்தை நான் வணங்குகிறேன். அதை மற்றவர்களுக்கு அளவுகோலாக்குவதைத்தான் ஏற்கவில்லை. கோயிலில் 108 தாரைகளிலும் பனிநீர் கொட்டுகிறது; அத்தை ஒன்றில் மட்டும் தலை நனைத்தார், மற்றவற்றைக் கையால் தொட்டுத் தெளித்துக்கொண்டார். யாரும் கணக்குக் கேட்கவில்லை.

முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரம். பறந்து போகிறவர்கள், உடம்பு உயரத்துக்குப் பழக, ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள்.