காணியுடையானும் மரத்தின் விலையும்

காணியுடையானுக்கு மரம் பெருவிலை தருவது எதனால்? திருகோணமலைச் சவண்டலையை எடுத்துக்கொள்வாம். முற்காலத்தில் இம்மரம் சென்னைக்குக் கப்பலேறி, ஆங்குப் பேரலையை எதிர்க்கும் மசூலாப் படகுகளாயிற்று; ஆங்கிலேயர் இதனைத் ‘திருகோணமலை மரம்’ என்றே வழங்கினரென எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை நூலாற் காண்கின்றோம். இதுவே வழியற்ற உட்காட்டில் நின்றிருப்பின் வாங்குவார் யாவர்? ஆகவே விலையில் ஒரு பங்கு துறைமுகத்தினது. மற்றொரு பங்கு வைரத்தினது. வைரமாவது உயிர்த்தொழில் ஒழிந்த உள்மரம்; சவண்டலை, முதிரை முதலிய வன்மரங்களில் அது பருத்து முற்றுதற்கு நெடுங்காலம் வேண்டும். கோணலும் பொந்துமுடைய மரத்தை வணிகன் தள்ளிவிடுதலின் அது நின்று நிழல் தருகின்றது. (கன அடிக் கணக்குக் கற்பிக்கும் நம்மனோர் அதனையும் மாணவர்க்குக் காட்டுதல் நன்று.)

இவற்றுள் காணியுடையான் செய்தது யாது? வெட்டாது விட்டமை ஒன்றே. அதுவும் பெரும்பாலும் தந்தையும் பாட்டனும் விட்டது. அவர் பெறாத பயனையே இவன் எண்ணிப் பெறுகின்றான். அங்ஙனமாயின், பேரனுக்காக நிற்கவேண்டிய இளமரத்தையும் உடன்விற்பவன் தன் பொருளையே விற்றான் என்றல் பொருந்தாது. பலா, ஈரப்பலா, பெண்பனை என்பவற்றை உடையவனும் அனுமதியின்றி வீழ்த்தலாகாதென இலங்கையில் 1951 இல் சட்டம் எழுந்தது. ஊரார் உணவு அவற்றில் இருத்தலின் அவை அங்ஙனம் காக்கப்பட்டன.