உரியும் உரிமையும்

உதவி என்னும் சொல்லை அறச்சொற்களுள் ஒன்றாகவே நாம் ஐயமின்றி எண்ணி வந்திருக்கிறோம். சென்ற தை மாதக் குளிரில், புதுதில்லியில் அலுவலக நண்பர் ஒருவர் இல்லத்தில் கண்ட காட்சி அவ்வெண்ணத்தைச் சற்றே அசைத்துவிட்டது.

நண்பரின் மைந்தன் மலைப்பாம்புக் குட்டி ஒன்றை வளர்க்கிறான். நம் நாட்டு மலைப்பாம்பை வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இதுவோ ஆப்பிரிக்காவினது; அஞ்சினால் பந்துபோல் சுருளும் சிற்றினம். முறைப்படி பதிவும் செய்திருக்கிறார்கள். (கோப்புகளோடு காலம் கழிப்பவரன்றோ நாம், அதனையே முதலில் கேட்டறிந்தோம்.)

வளரும் குட்டி அடிக்கடி சட்டை உரிக்கும். அதற்குமுன் கண் நீலம் பூத்து மங்கும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் ஊறும். பின் கண் தெளியும். சில நாளில் மூக்கைக் கரடான ஒன்றில் தேய்த்துத் தொடங்கி, காலுறையைக் கழற்றுவதுபோல் முழுத்தோலையும் கழற்றிவிடும். பொருநராற்றுப்படைப் புலவர் நுண்ணிய ஆடைக்குப் பாம்பின் உரியை உவமையாக்கியது அதன் மென்மை கண்டன்றோ!

அன்று நாம் கண்டது ஆடையன்று, கந்தல். உடலெங்கும் துண்டு துண்டாய் ஒட்டியிருந்தது. வால்நுனியில் ஒரு வளையம். இடக்கண்மேல் ஒரு செதில். "பிய்த்துவிடலாமா, மாமா?" என்றான் பையன், கண் கலங்க. நாம் விரலை நீட்டியேவிட்டோம் என்பதை மறைப்பானேன்? குட்டி தலையை உள்ளிழுத்துப் பந்தாயிற்று.

விரல் துடித்தது எவர்பொருட்டு? பாம்பிற்கு இமையில்லை, கண்ணைக் காப்பது ஒளிபுகும் ஒரு செதிலே. பழையதை வலிந்து பிய்த்தால் கண்ணே கெடக்கூடும். அறிந்திருந்தும் விரல் நீண்டதெனில், நாம் தீர்க்க விரும்பியது நம் மனத்தின் அரிப்பையே.

எனினும், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கைகட்டி நிற்பதும் அறமாகாது. வால் வளையம் குருதியோட்டத்தைத் தடுத்து நுனியையே அழியச் செய்யும். அன்றியும், எந்த இயற்கை? தன் நிலத்தில் அது எலிவளையிலும் கரையான் புற்றிலும் ஒடுங்கும். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். கண்ணாடிப் பெட்டியிலிட்டு, விளக்கால் சூடேற்றி, அறையில் ஹீட்டரும் போட்டு அவ்வீரத்தைப் பறித்தவர் நாம். எனவே இங்கே செய்வது கருணையன்று, கடன் தீர்த்தல். கடன் தீர்ப்பவன் கொடையாளிபோல் நிமிர்ந்து நிற்றல் தகுமோ?

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, துளையிட்ட டப்பாவில் ஈரப்பாசி இட்டுக் குட்டியை உள்ளே விட்டோம். மறுநாள் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டின் மடிப்புக்குள் அதுவே ஊர்ந்து செல்ல விட்டான். அவன் இழுக்கவில்லை; துண்டின் சொரசொரப்பில் குட்டி தன் தோலைத் தானே விட்டது. வால் வளையமும் கழன்றது. கண்செதில் மட்டும் விடவில்லை. ஈரம் குறையாது காத்தால் அடுத்த உரிப்பில் சேர்ந்து வரக்கூடும் என்றார் மருத்துவர். அதுவரை தொடாதிருத்தல் பையனுக்குப் பெரும்பாடாயிற்று, நமக்குந்தான்.

மாசி இறுதியில், கண் மீண்டும் நீலம் பூத்துத் தெளிந்ததாகச் செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்து நேரே சென்றோம். பெட்டியைத் திறக்க எவரும் முற்படவில்லை. உள்ளே மரப்பட்டையில் குட்டி மூக்கை உராய்வதை நோக்கியபடி, தேநீர் ஆறுவதையும் மறந்து மூவரும் அமர்ந்திருந்தோம்.