கையில் போன் இருக்கிறது, கல்வி இருக்கிறதா?



பத்ருப் போர் முடிந்து சுமார் 70 பேர் கைதிகளாக மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வசதியானவர்களிடம் 4,000 திர்ஹம் வரை பிணைத்தொகை வாங்கப்பட்டது. கையில் காசில்லை, ஆனால் எழுதத் தெரியும் என்ற கைதிகளுக்கு வேறு பிணை வைக்கப்பட்டது. மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. அப்படிக் கற்றவர்களில் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த எத்தீம் பிள்ளை! பின்னாளில் வஹீயை எழுதினார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பு அவர்களிடம்தான் வந்தது.

எதிரியின் கையில் இருந்த கல்வி என்று ஒதுக்கவில்லை. அவரவர் பிள்ளைக்கு அவரவர் வாப்பா பார்த்துக்கொள்ளட்டும் என்றும் விடவில்லை. இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்று எழுத்தறிவு என்றால் கம்ப்யூட்டரும் சேர்ந்ததுதான். 2017-18இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், நாட்டின் நகர்ப்புற வீடுகளில் 100க்கு சுமார் 23 வீட்டிலும், கிராமங்களில் வெறும் 4 வீட்டிலும்தான் கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வீட்டில் இருந்த ஒரே போன் வாப்பாவோடு வேலைக்குப் போனால், மூன்று பிள்ளைகள் எதில் பாடம் படிப்பார்கள்?

இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை லேப்டாப்பில் டைப் செய்கிறான், மெயில் அனுப்புகிறான். தவறினால் சொல்லிக்கொடுக்கப் படித்த வாப்பாவும் உம்மாவும் பக்கத்தில் இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அதே போனில் ரீல்ஸும் கேமும் மட்டுமே தெரிகிறது. அவன் புத்தியில் குறையில்லை சகோதரர்களே, சொல்லித்தர ஆளில்லை. வாப்பா தோல் ஷாப்பில் நிற்கிறார், உம்மா ஷூ கம்பெனியில் இருக்கிறார்.

கல்வி உதவித்தொகைக்கு என்ன நடக்கிறது பாருங்கள். பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்து ஃபார்ம் போடுகிறார்கள். பாஸ்வேர்டு கடைக்காரருக்குத்தான் தெரியும். ஓடிபி வரும் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகிறது. அடுத்த வருடம் புதுப்பிக்க முடியவில்லை, பணம் நின்றுவிடுகிறது. யாருக்கு அந்தப் பணம் அவசியமோ, அவர்களுக்கே நின்றுவிடுகிறது! பெண்பிள்ளையாக இருந்தால் படிப்பும் சேர்ந்து நிற்கிறது.

ஐந்து வேளையும் பணக்காரரும் கூலிக்காரரும் தோளோடு தோள் உரசி ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். ஸலாம் கொடுத்த பிறகு அந்தப் பிள்ளைகள் யார் பொறுப்பு?

பள்ளிக்கு ஏசி வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். மதரஸா மாடியில் நான்கு கம்ப்யூட்டர் வைக்கவும் ஆள் வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பை சரிசெய்து கொடுங்கள். ஐடி கம்பெனியில் வேலை செய்யும் வாலிபர்களே, வாரம் இரண்டு மணி நேரம் வாருங்கள். பெண்பிள்ளைகளுக்குப் படித்த சகோதரிகள் தனி நேரத்தில் நடத்தட்டும். முதலில் ஃபார்ம் நிரப்புவதையே சொல்லிக்கொடுங்கள். பிள்ளையே தன் கையால் நிரப்பட்டும், பாஸ்வேர்டைத் தன் நோட்டில் எழுதி வைக்கட்டும்.

தொழுகை முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வுழூ செய்யும் ஹவ்ழுக்குப் பக்கத்தில் முத்தவல்லியைப் பாருங்கள்.