சேர்த்த ஏடும் விடாத பற்றும்

அரிய நிலப்படங்களையும் பழைய நூல்களையும் ஆவணங்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஒருவர், அவற்றைப் பலரும் காணக் காட்சிக்கு வைத்தால் நாம் மகிழ்கிறோம். அவரை வள்ளல் என்று போற்றுகிறோம். மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்ட இல்லறத்தார் இங்கே சற்று நின்று எண்ண வேண்டியுள்ளது. பொருளன்று, பொருளின்மீது கொள்ளும் பற்றே பரிக்கிரகம் என்பது உமாசுவாமிகள் காட்டிய நெறி. அப்படியாயின், காட்டியதனால் மட்டும் பற்று நீங்கிவிடுமா?

நம் சமயத்தோடு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானவர் காலின் மெக்கன்சி. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கச் சென்றவர், நிலப்படங்களோடு ஓலைச்சுவடிகள், கல்வெட்டுப் படிகள், நாணயங்கள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றையும் திரட்டினார். 1821-இல் அவர் மறைந்தபின் அத்தொகுதியைக் கம்பெனி அவருடைய மனைவியாரிடமிருந்து ஓர் இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. தென்மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. நிலப்படங்களும் ஓவியங்களும் இலண்டன் சென்றன. 2017-இல் அவர் பிறந்த ஊராகிய ஸ்டோர்னோவேயில் அவருடைய சேகரிப்பு காட்சிக்கு வைக்கப்பட்டது.

தாமஸ் ஹிக்கி 1816-இல் தீட்டிய மெக்கன்சியின் உருவப்படம் நம் சிந்தனைக்குரியது. சிவப்புச் சீருடையில் மெக்கன்சி. அவரருகே இந்திய உதவியாளர் மூவர். அவர்களுள் ஓலைச்சுவடி ஏந்தியவர் சமணப் பண்டிதர் தருமையா என்பர். தொலைவில் கார்க்களத்துக் கோமடேசுவரர். வென்ற நாட்டையும் துறந்து நின்ற பாகுபலி, திரட்டுவதையே வாழ்வாகக் கொண்டவரின் படத்துக்குப் பின்னணியாகிவிட்டார்! ஓவியர் எண்ணித்தான் தீட்டினாரோ, நாம் அறியோம்.

மெக்கன்சியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர் திரட்டாதிருந்தால் கறையானுக்கு இரையாகியிருக்கும் ஏடுகள் பல. ஆயினும் தொகுதிக்கு அவர் பெயரே நிலைத்தது. பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படிக்கத் துணைநின்ற தருமையாவையும், ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய காவலி வெங்கட போரையா, லட்சுமையா ஆகிய உடன்பிறந்தாரையும் அறிந்தோர் சிலரே. தம் வீட்டு ஏட்டைக் கொடுத்துவிட்டவர்களை யார் அறிவார்?

பிறரைச் சொல்லுமுன் நம் இல்லத்தையும் நோக்குவோம். மூடபித்திரியில் தவளம், ஜயதவளம் முதலிய சித்தாந்த ஏடுகள் நூற்றாண்டுகளாகப் போற்றிக் காக்கப்பட்டன. யாத்திரை சென்றோர் தரிசித்து வணங்கினர், படித்தவர் அரியர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கிற்று. ஹீராலால் ஜைன் பதிப்பித்த முதல் தொகுதி அச்சானது 1939-இல். காத்தவர்களின் பக்தியில் குறையில்லை. ஆனால் தரிசனம் வேறு, சுருத ஞானம் வேறு. கண்ணாடிப் பேழைக்குள் விரித்த ஒரே பக்கத்தைப் பார்த்துத் திரும்புவோரின் நிலையும் அதுவே. பெட்டியில் இருந்த பற்று பேழைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்னும் பெருமாட்டி வேறு வழியில் சென்றார். பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். சாத்திர தானம் என்று நம் முன்னோர் சொன்னது இதையே. ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை வரவழைப்பதினும், ஒன்றை ஆயிரமாக்கி அனுப்புவது கடினம். அரியதை உடையவன் என்னும் பெருமை அதில் கரைந்துபோகும். சேகரிப்பாளர் அஞ்சுவதும் அதற்கே என்பது நம் எண்ணம்.

சுருத பஞ்சமியன்று நம் ஊர்களிலும் ஏடுகளை எடுத்துத் துடைத்துப் பூசிக்கிறோம். இக்காலத்தில் அவற்றைப் படமெடுத்துப் பிறர்க்கு வழங்க ஒரு பிற்பகல் போதும். எழுதியவர் பெயரும் எழுதுவித்தவர் பெயரும் உள்ள இறுதி ஓலையை மட்டும் விட்டுவிடலாகாது. கட்டின் ஓரத்தில் இருப்பதால் முதலில் உதிர்வது அதுவே.