ஆகாரைக் கண்ட தேவன்



பாரூர், போச்சம்பள்ளி பக்கத்தில் எந்த ஜெபக்கூட்டத்திலும் விண்ணப்பச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். கர்ப்பத்தின் கனிக்காக என்று எழுதின சீட்டு ஒன்றாவது இருக்கும். இப்பொழுது அந்தச் சீட்டோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிற ஒரு தம்பி, எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, வேற ஒரு பொண்ணோட கருமுட்டையை வாங்கித்தான் செய்யணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. இது பாவமா?"

ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற காரியம் அல்ல இது. நிதானமாய்ச் சிந்திப்போம்.

முதலாவது, வைத்தியம் பாவம் அல்ல. 1978-ல் இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்தது. அதே வருஷம் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் நம் நாட்டிலும் ஒன்று பிறந்தது. 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் அதைச் செய்தார். புருஷன் மனைவி இருவருடைய அணுக்களையே வெளியில் சேர்த்துக் கர்ப்பப்பையில் வைப்பதிலே மூன்றாவது ஆள் கிடையாது. கருமுட்டை தானத்தில் ஒரு மூன்றாவது ஆள் வருகிறாள். அங்கேதான் நம் மனச்சாட்சி விழிக்க வேண்டும்.

ஆதியாகமம் 16-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். சாராயின் கண்ணீரைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆகாரின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா? ஒரு வரிகூட இல்லை. ஆபிராமும் சாராயும் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுகிறதில்லை. அவர்கள் வாயிலே அவள் வெறும் அடிமைப்பெண். வனாந்தரத்திலே கர்த்தருடைய தூதன்தான் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார். என்னைக் காண்கிற தேவன் என்று அவளும் கர்த்தருக்குப் பெயரிடுகிறாள். சாராயின் வீட்டார் பார்க்காத அவளைத் தேவன் பார்த்தார்!

இது பழைய கதை என்று தள்ளிவிடாதிருங்கள். 2022-ல் ஈரோட்டில் நடந்ததை நாடே அறியும். 16 வயதுப் பெண்பிள்ளை. ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, பெற்ற தாயே பல தடவை அவளுடைய கருமுட்டையை விற்றாள் என்று போலீஸ் வழக்குப் பதிந்து தாயைக் கைது செய்தது. அரசு நடவடிக்கை அறிவித்த மருத்துவமனைகளின் பட்டியலிலே நம் ஓசூர் மருத்துவமனை ஒன்றும் இருந்தது. அந்த முட்டைகளைப் பெற்ற தம்பதிகளும் கண்ணீரோடு ஜெபித்தவர்களாகவே இருக்கலாம். கொடுத்தவள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஜனவரியிலேயே புதிய சட்டம் அமலுக்கு வந்திருந்தது. கருமுட்டை கொடுக்கிறவளுக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். ஆயுசிலே ஒரே தடவைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. விற்பது குற்றம். ஏன் இவ்வளவு கண்டிப்பு? பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, மயக்க மருந்து கொடுத்து, ஊசியால் எடுக்கிற காரியம் இது. சில பெண்களுக்கு வயிறு வீங்கி உயிருக்கே ஆபத்தாகிறதும் உண்டு. ஆனாலும் வறுமையும் புரோக்கரும் இருக்கிற இடத்தில் சட்டம் மட்டும் போதாது.

ஆகவே அந்தத் தம்பியிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்.

ஒன்று, கொடுக்கிறவள் யார்? மனதார, சட்டப்படி, பயமில்லாமல் கொடுக்கிறாளா? ஆஸ்பத்திரியில் இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு, பிள்ளையிடம் உண்மையைச் சொல்வீர்களா? நம் நாட்டில் கொடுத்தவளின் அடையாளம் இரகசியம். இங்கிலாந்திலோ 2005 ஏப்ரலுக்குப் பின் பதிவான தானத்தில் பிறந்த பிள்ளை, 18 வயதில் அதைக் கேட்டு அறியலாம். மோசே அரண்மனையில் வளர்ந்தாலும் தன் சகோதரர் யார் என்று அறிந்திருந்தான். பொய்யின்மேல் ஒரு குடும்பத்தைக் கட்டாதிருங்கள்.

மூன்று, பிள்ளை எதற்காக? "கடைசிக் காலத்துல யாரு கஞ்சி ஊத்துவா?" என்கிற பயத்துக்காகவா? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள் என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுகிறது. 2031-ல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அறுபது வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மூன்று மகன் இருந்தும் தனியே சமைத்துச் சாப்பிடுகிற தாய்மார் நம் கிராமங்களிலே இல்லையா? நகோமியின் இரண்டு குமாரரும் மரித்தார்கள். அவளைத் தாங்கினது மோவாபியப் பெண் ரூத். முதிர்வயதுக்குப் பிணையாக ஒரு பிள்ளையைப் பிறப்பிப்பது அந்தப் பிள்ளைக்கே அநியாயம். தனித்திருக்கிற முதியவர்களைத் தாங்குகிறது சபையின் கடமை.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. முன்பு கிறிஸ்தவர்கள் தத்தெடுக்கச் சட்டம் இல்லை. 1890-ம் வருஷச் சட்டப்படி பாதுகாவலர் என்ற பெயர்தான் கிடைக்கும். இன்றைக்கு 2015-ம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையோடும் தத்தெடுக்கலாம். காத்திருப்பு நீளமானது, உண்மைதான். ஆனால் நம் மண்ணை நினைத்துப் பாருங்கள். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்தை, நாம் அப்போதிருந்த தர்மபுரி மாவட்டத்துக்கும் 2001-ல் கொண்டுவர வேண்டியதாயிற்று. வேண்டாம் என்று பிள்ளையைத் தள்ளின ஊரிலேதான், வேண்டும் என்று அழுகிற தாயும் இருக்கிறாள். எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் அவளைப் பெற்றவன் அல்லவே!

கடைசியாகச் சபைக்கு ஒரு வார்த்தை. "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்டுக் கேட்டே இந்தப் பிள்ளைகளைக் கடன்பட்டாவது ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கிறோம். பெனின்னாளின் வேலையை நாம் செய்யவேண்டாம். பிள்ளையில்லாத தம்பதியும் முழுமையான குடும்பமே.

அந்தத் தம்பியும் மனைவியும் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவசரப்படுத்தாமல் அவர்களுக்காக ஜெபியுங்கள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தர் அவளையும் காண்கிறார். ஆமென்.